கோச் வந்தார்... கோப்பை வந்தது!

தோற்பதற்கென்றே பேர்போன ஒரு கல்லூரி அணி, இரண்டே சீசனில் அமெரிக்காவின் சாம்பியன். ஒரு பயிற்சியாளரால் இவ்வளவு முடியுமா? அதற்குப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் விலை என்ன?

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை இரவு. ஃப்ளோரிடாவின் மியாமி கார்டன்ஸில் ஹார்ட் ராக் ஸ்டேடியம். கல்லூரி ஃபுட்பால் இறுதிப்போட்டியின் கடைசிக் கால்பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. இண்டியானா 17, மியாமி 14. மியாமி அணிக்கு இது வருடம் முழுக்க ஆடிப் பழகிய சொந்த மைதானம்.

இண்டியானாவுக்கு நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு. எல்லைக்கோட்டுக்கு இன்னும் 12 கஜம். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி ஏறக்குறைய உறுதி. நூற்றில் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்வார்கள். ஓரத்தில் நிற்கும் 64 வயது கர்ட் சிக்னெட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நேரம் கேட்டார். சிரிப்பதற்குக் கூலி கேட்கும் முகம் அவருக்கு. யோசித்தார். உதைக்க வேண்டாம், ஆடலாம் என்றார்.

குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பந்தை யாருக்கும் எறியவில்லை. தானே தூக்கிக்கொண்டு நடுவே பாய்ந்தார். இடித்தார்கள், சுழன்றார். மறுபடி இடித்தார்கள், விழுந்துகொண்டே கையை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். மியாமியிலேயே வளர்ந்த பையன், மியாமிக்கு எதிராக. 24-14. அதற்குப் பிறகும் மியாமி விடவில்லை. ஆட்டம் 27-21 என்று முடிந்தது.

அந்த சீசனில் இண்டியானா ஆடியது 16 ஆட்டங்கள். 16-லும் வெற்றி. இதற்கு முன் முதல்தரக் கல்லூரி அணி ஒன்று 16-0 என்று முடித்தது 1894-ல். அது யேல்.

ப்ளூமிங்டனில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை அந்த வாரம் சிவப்புச் சட்டையோடு படம் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், இதுதான் காரணம்.

【 ஆட்டம் தெரியாதவர்களுக்கு 】
இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்கன் ஃபுட்பால். அணிக்கு 11 பேர். தலா 15 நிமிடங்களாக நான்கு கால்பகுதிகள். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்தை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று களத்தில் நடத்துபவர் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முயற்சிக்கும் திட்டம் ஓரத்திலிருந்துதான் வரும். பயிற்சியாளரின் கை இவ்வளவு நீளும் விளையாட்டு வேறு எதுவும் அனேகமாக இல்லை.

'நான் ஜெயிக்கிறவன்'

இண்டியானா எப்படிப்பட்ட அணி என்று தெரிந்தால்தான் இந்த வெற்றியின் கனம் புரியும். ப்ளூமிங்டன் கூடைப்பந்து ஊர். ஃபுட்பால் அங்கே வெயில் காயப் போகிற இடம். 2023 சீசன் முடிந்தபோது, நாட்டின் முதல்தரப் பிரிவில் வரலாற்றிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்திருந்த அணி அதுதான். அந்த வருடக் கணக்கு 3 வெற்றி, 9 தோல்வி. சீசன் முடிந்து நடக்கும் 'பௌல்' ஆட்டம் ஒன்றில் கடைசியாக ஜெயித்தது 1991-ல். ஒரே சீசனில் 10 ஆட்டம் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது.

பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, 2023 நவம்பர் கடைசியில் சிக்னெட்டியைக் கொண்டுவந்தார்கள். அனுப்பப்பட்டவருக்கு ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருந்தது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். தோற்ற பயிற்சியாளரை வீட்டில் உட்கார வைக்கவே இவ்வளவு!

புதியவர் வந்த ஒரு மாதத்துக்குள் நிருபர்கள் கேட்டார்கள்: இந்த அணிக்கு வரச்சொல்லி வீரர்களிடம் என்ன சொல்வீர்கள்? அவர் பதில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. நான் ஜெயிக்கிறவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். வாய்ச்சவடால் என்று சிரித்தவர்கள் அதிகம்.

தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது விசித்திரமான சுயவிவரம். 2007 முதல் நான்கு சீசன் அலபாமாவில் நிக் சேபனின் கீழ் உதவிப் பயிற்சியாளர். வீரர் தேர்வுக்கு அவர்தான் பொறுப்பு. 2009-ல் சாம்பியன் ஆன அணி அது. அங்கேயே இருந்திருந்தால் சம்பளமும் பேரும் கூடியிருக்கும். அவரோ 2011-ல் ஐம்பதைத் தொடும் வயதில் கிளம்பி, பென்சில்வேனியாவில் ஒரு இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். சம்பளம் குறைவு, டிவி கிடையாது. அங்கிருந்து ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். போன இடமெல்லாம் ஜெயித்தார். பெரிய கல்லூரிகள் அவரைக் கண்டுகொள்ள 12 வருடம் ஆயிற்று.

இண்டியானாவுக்கு அவர் தனியாக வரவில்லை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் பின்னாலேயே வந்தார்கள். தடுப்பாட்டத்துக்கு பிரையன்ட் ஹேன்ஸ், தாக்குதலுக்கு மைக் ஷனஹன் என்று வருடக்கணக்காகக் கூடவே உழைத்த உதவிப் பயிற்சியாளர்களும் வந்தார்கள். 2024-ல் 11 வெற்றி, 2 தோல்வி. அடுத்த வருடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியிலிருந்து மெண்டோசாவை எடுத்தார். அந்தப் பையன் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினான். புத்தாண்டு அன்று ரோஸ் பௌலில் சிக்னெட்டியின் அணி வீழ்த்தியது யாரை? அவர் முன்பு வேலை பார்த்த அலபாமாவை. 38-3.

பள்ளிக்கூடத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளின் பின்னால் அவர் ஓடவில்லை. சின்னக் கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் ஆடி, இன்ன வேலையை இவன் செய்வான் என்று காட்டியவர்களைப் பொறுக்கினார். வருங்காலத்தில் வருவான் என்பது அவருக்குப் போதாது. இதுவரை என்ன செய்திருக்கிறான் என்பதே கேள்வி. இண்டியானாவின் ரகசியம் என்று ஒன்று இருந்தால், என் கணக்கில் இதுதான். அந்த நான்காவது முயற்சி துணிச்சல் எல்லாம் அதற்குப் பிறகு.

வருடா வருடம் கலையும் அணி

தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நட்சத்திரம் 15 வருடம் ஆடுவார். பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருப்பார். கல்லூரியில் தலைகீழ். வீரன் இருப்பது நான்கு வருடம், அதிகம் போனால் ஐந்து. நன்றாக ஆடினால் மூன்றாவது வருடமே தொழில்முறைக்குப் பறந்துவிடுவான். எந்தக் கல்லூரியிலும் நிலையாக இருக்கும் ஒரே நட்சத்திரம் கோச்தான்.

அதனால் அவர் வேலையில் பாதி, ஆள் பிடிப்பது. விமானம் ஏறி, கார் பிடித்து, எங்கோ ஒரு சிற்றூரில் 17 வயதுப் பையன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுப்பதைச் சாப்பிட்டு, பாட்டியிடம் நலம் விசாரித்து, உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள் என்று கேட்க வேண்டும். நம் ஊர் சம்பந்தம் பேசும் படலமேதான். ஜனவரியில் கோப்பை வாங்கிய மறுநாளே அடுத்த வருடத்துப் பையனைத் தேடிக் கிளம்பியாக வேண்டும்.

மீதிப் பாதி, கிடைத்த நேரத்தைப் பிழிவது. சீசனில் ஒரு மாணவனிடமிருந்து வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்காகக் கட்டாயப்படுத்தி எடுக்கக் கூடாது என்பது விதி. (தானாக வந்து செய்கிறான் என்ற கணக்கில் அது எங்கே போய் நிற்கிறது என்பது ஊரறிந்த ரகசியம்.) அந்த நேரத்துக்குள் எதிரணியின் படங்களைப் போட்டுப் பார்த்து, புதுத் திட்டங்களை மனப்பாடம் செய்து, உடம்பையும் தேற்ற வேண்டும். எந்தப் பயிற்சியாளர் எதை விடுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

டஸ்கலூசா பாடசாலை

இதையெல்லாம் ஒரு தொழிற்சாலை போல ஒழுங்கு செய்தவர் நிக் சேபன். மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் நடத்தியவரின் மகன். 1998-ல் மிச்சிகன் ஸ்டேட் பயிற்சியாளராக இருந்தபோது அவர் அணி நான்கு வெற்றி, ஐந்து தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டம் நாட்டின் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு. ஜெயிப்பதைப் பற்றி யோசித்தால் பயம்தான் வரும். அதே பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் லயனல் ரோசனிடம் பேசினார். ஒரு முயற்சி சில விநாடிதான் நீடிக்கிறது. அந்தச் சில விநாடியில் உன் வேலையைச் சரியாகச் செய், புள்ளிப்பலகையைப் பார்க்காதே என்பதுதான் அந்தப் பேச்சிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. அணி 28-24 என்று ஜெயித்தது.

அன்று பிடித்த பிடியை அவர் விடவேயில்லை. 'ப்ராசஸ்' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யூ) 2003-ல் ஒரு பட்டம். 2007-ல் டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் வருடம் 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் தோற்றார். அப்போது கேலி செய்தவர்களை அடுத்த 16 வருடத்தில் காணவில்லை. 2009, 2011, 2012, 2015, 2017, 2020 என்று ஆறு பட்டம். எல்.எஸ்.யூவையும் சேர்த்தால் ஏழு. அதே அலபாமாவில் ஆறு பட்டம் வாங்கித் தெய்வமாகவே ஆகிவிட்ட 'பேர்' பிரையன்ட்டையும் தாண்டினார். தினமும் காலையில் ஒரே பிராண்டு ஓட்ஸ் க்ரீம் பிஸ்கட் இரண்டு. எதைத் தின்பது என்று யோசிக்கும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்த மனிதர்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் பிடிவாதத்தில் மட்டும் இல்லை. மூச்சுவிடாமல் வேகவேகமாக ஆடும் புதுப் பாணி வந்தபோது, இது ஆட்டத்துக்கு நல்லதா என்று பொதுமேடையில் முணுமுணுத்தார். யாரும் கேட்கவில்லை. 2014-ல் லேன் கிஃபினைக் கூட்டிவந்து அந்தப் பாணியைத் தானே எடுத்துக்கொண்டார். வேலை போன தலைமைப் பயிற்சியாளர்களை ஆய்வாளர்களாகப் பின்னறையில் உட்கார வைத்தார். அவர்களுக்கு ஒதுங்க இடம், இவருக்கு மலிவாக மூளை.

【 சேபன் வழி வந்தவர்கள் 】
ஜிம்போ ஃபிஷர்: எல்.எஸ்.யூவில் சேபனின் உதவியாளர். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு 2013 பட்டம்.
கர்பி ஸ்மார்ட்: அலபாமாவில் 2008 முதல் 2015 வரை தடுப்பாட்டப் பொறுப்பு, ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பட்டங்கள். இரண்டாவது இறுதிப்போட்டியில் 65-7.
மரியோ கிறிஸ்டபால்: அலபாமாவில் முன்வரிசையில் மோதும் லைன்மேன்களுக்குப் பயிற்சியாளர். இண்டியானாவிடம் தோற்ற மியாமியின் கோச் இவர்தான். ஆக, 2026 இறுதிப்போட்டியின் இரு பக்கமும் சேபனின் ஆட்கள்.
இன்னொரு முடிச்சு: 1978-ல் இளைஞர் சேபனை வெஸ்ட் வர்ஜீனியாவில் வேலைக்கு எடுத்தவர் ஃப்ராங்க் சிக்னெட்டி. கர்ட்டின் அப்பா.

ஒரே காலின் இரண்டு உதை

பயிற்சியாளரின் முடிவுதான் கோப்பை வாங்கித் தருகிறது என்பவர்களுக்கு ஆடம் கிரிஃபித் கதை தெரிந்திருக்க வேண்டும். போலந்தில் பிறந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டு, அலபாமாவுக்கு உதைப்பவராக வந்தவர்.

2013 நவம்பர் 30, ஆபர்ன். 28-28. நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, இன்னும் ஒரு விநாடி இருக்கிறது என்று வாதாடி வாங்கினார் சேபன். அன்று மூத்த உதைப்பவர் சொதப்பிக்கொண்டிருந்ததால், இளையவர் கிரிஃபித்தை 57 கஜத்திலிருந்து உதைக்கச் சொன்னார். பந்து கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கியது. அங்கே நின்ற ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓடி டச்டவுன் அடித்தார். 34-28. தொடர்ச்சியாக மூன்றாவது பட்டத்தை எதிர்பார்த்திருந்த அலபாமாவின் கனவு, கோச் கேட்டு வாங்கிய அந்த ஒரு விநாடியில் போயிற்று.

2016 ஜனவரி 11, அரிசோனா, இறுதிப்போட்டி. கிளெம்சனோடு 24-24. கடைசிக் கால்பகுதியில் இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அலபாமா பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்க வேண்டிய முறை. கிளெம்சன் ஆட்கள் ஒரு பக்கமாக நெருங்கி நிற்கிறார்கள், மறுபக்கம் காலி என்பதைப் பயிற்சியாளர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அதே கிரிஃபித், பந்தை லேசாகத் தூக்கி அந்தக் காலியிடத்தில் போட்டார். ஓடிவந்த மார்லன் ஹம்ஃப்ரி லட்டு மாதிரிப் பிடித்தார். பந்து மறுபடி அலபாமாவுக்கே. இரண்டாவது முயற்சியில் டச்டவுன். 45-40, பட்டம். கேமராவில் சேபன் சிரித்தது அன்றுதான் என்று இன்றும் சொல்வார்கள்.

இரண்டு முடிவுக்கும் நடுவே அவருக்குப் புத்தி கூடிவிட்டதா? இல்லை. இரண்டாவது ஒரு வாரப் படிப்பில் வந்தது, முதலாவது ஒரு விநாடி ஆசையில் வந்தது.

ஆனால் அட்லாண்டா வேறு ரகம். 2018 ஜனவரி 8, ஜார்ஜியாவோடு இறுதிப்போட்டி. இடைவேளையில் 13-0 என்று பின்தங்கியிருந்தது அலபாமா. அதுவரை 27 ஆட்டம் தொடங்கி இரண்டில் மட்டுமே தோற்றிருந்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாமாண்டு மாணவன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் சேபன். கூடுதல் நேரத்தில் 26 கஜம் தேவைப்பட்ட நிலையில், அந்தப் பையன் 41 கஜம் எறிந்த பந்தை இன்னொரு முதலாமாண்டு மாணவன் டெவான்டா ஸ்மித் பிடித்தான். 26-23.

எல்லோரும் இந்த மாற்றத்தைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த 11 மாதம். நாடே பார்க்க உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. அதே வருடம் டிசம்பர் 1, அதே மைதானம், அதே ஜார்ஜியா. 28-21 என்று பின்தங்கியபோது டுவாவுக்கு அடிபட்டது. ஹர்ட்ஸ் எழுந்து வந்தார், 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். அன்று டிவி பேட்டியில் சேபனின் குரல் தழுதழுத்தது. ஒரு பையனை ஊரறிய இறக்கிவிட்ட பிறகும் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரிந்ததே, அது எந்தத் திட்டப் புத்தகத்திலும் இல்லாத வித்தை. ஹர்ட்ஸ் தொழில்முறை இறுதிப்போட்டியான 2025 சூப்பர் பௌலின் ஆட்டநாயகன் ஆனது தனிக்கதை.

காசு கொடுத்தால் கிடைக்குமா?

சேபனின் சீடர் ஒருவரை வாங்கிப் போட்டால் போதும், கோப்பை வந்துவிடும் என்று நினைத்தவர்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் பட்டம் வாங்கித் தந்த ஜிம்போ ஃபிஷருக்கு 2017 கடைசியில் 10 வருடம், ஏழரைக் கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழுத் தொகைக்கும் உத்தரவாதம். 2021-ல் இன்னும் நீட்டித்தார்கள். ஆறு சீசனில் 45 வெற்றி, 25 தோல்வி. பட்டம் ஒன்றுகூட இல்லை. 2023 நவம்பரில் அவரை அனுப்பினார்கள். வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்குத் தர வேண்டிய பாக்கி ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அதுவரை கேள்விப்படாத தொகை.

பொறுமையும் ஒரு முதலீடு என்று காட்டியது ஒஹாயோ ஸ்டேட். 2024 நவம்பர் 30 அன்று பரம எதிரி மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்றார் அதன் கோச் ரயன் டே. அந்த வருட அணிக்கு மட்டும் சுமார் 2 கோடி டாலர் செலவானதாகப் பல்கலைக்கழகமே சொல்லியிருந்தது. ரசிகர்கள் அவரைத் துரத்தச் சொன்னார்கள். துரத்தவில்லை. 51-வது நாள் நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்திச் சாம்பியன்.

அன்று எதிரே நின்றவர் மார்கஸ் ஃப்ரீமன். முதல்தரப் பிரிவின் இறுதிப்போட்டிக்கு அணியைக் கொண்டுவந்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். வருடம் 2025! களத்தில் உடம்பைக் கொடுப்பவர்களில் பெரும்பங்கு கறுப்பினப் பிள்ளைகள். கோச் நாற்காலியில் உட்காரும்போது மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் 408 ஆட்டங்களை ஜெயித்துக் காட்டிய எடி ராபின்சனுக்கு எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் தலைமைப் பொறுப்பைத் தந்ததில்லை.

கோச்சுக்கு மேலே யார்?

ஜெயிக்கும் பயிற்சியாளரிடம் பல்கலைக்கழகம் எதைத்தான் மறுக்கும்? சேபன் வந்த 2007-ல் அலபாமாவில் சுமார் 25 ஆயிரம் மாணவர்கள். அவர் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது 38 ஆயிரத்துக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிமாநிலத்தவர், அதாவது கூடுதல் கட்டணம் கட்டுபவர்கள். எல்லாமே ஃபுட்பாலால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் டிவியில் இலவச விளம்பரம் ஓடியதை நிர்வாகமே பெருமையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், கவர்னர் அல்ல. ஒரு கல்லூரி கோச்.

இந்த அந்தஸ்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பென் ஸ்டேட் சாட்சி. ஜோ பட்டர்னோ அங்கே 46 சீசன் தலைமைப் பயிற்சியாளர், 409 வெற்றி. அவருடைய பழைய உதவியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பல வருடங்களாகப் பாலியல் கொடுமை செய்தது 2011-ல் வெளியே வந்தது. தன்னிடம் வந்த புகாரின் மேல் போதுமானதைச் செய்யவில்லை என்று பட்டர்னோ நீக்கப்பட்டார். அன்றிரவு மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி சேனலின் வேனைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அல்ல, கோச்சுக்காக. சாண்டஸ்கி 45 குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். 2012 ஜூலையில் பட்டர்னோவின் சிலை அகற்றப்பட்டது.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 2018 மே மாதம் நடந்தது இன்னும் நேரடியானது. பயிற்சி ஓட்டத்தில் 19 வயது லைன்மேன் வெப்பத் தாக்கில் சுருண்டார். குளிர்ந்த நீரில் இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை. இரண்டு வாரத்தில் உயிர் போனது. வீரர்களை மிரட்டி அவமானப்படுத்தும் சூழல் அங்கே இருந்தது என்று செய்திகள் வந்தன. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பயிற்சியாளரை ஆட்சிக்குழு அக்டோபர் கடைசியில் மறுபடி வேலையில் அமர்த்தியது! எதிர்ப்பு வெடிக்க, மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் அவரை நீக்கினார்.

முரட்டுத்தனம் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பவர்களுக்கு மினசோட்டாவில் ஒரு பதில் இருந்தது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஜான் கக்லியார்டி. பயிற்சியில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளக் கூடாது. விசில் கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது. ஜான் என்றால் போதும். 16 வயதில், தன் பள்ளி கோச் போருக்குப் போனதால் பயிற்சியளிக்கத் தொடங்கியவர். 2012-ல் ஓய்வு பெற்றபோது 489 வெற்றி, நான்கு தேசியப் பட்டம். கல்லூரி ஃபுட்பாலில் யாரும் அவ்வளவு ஜெயித்ததில்லை. சின்னப் பிரிவுதானே என்பார்கள். சின்னப் பிரிவிலும் எதிரே ஆடியவர்கள் இடித்துப் பழகியவர்கள்தானே!

பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள்

இத்தனை நாள் கோச்சுக்குக் கோடி, வீரனுக்குப் படிப்புச் செலவு என்றிருந்த கணக்கு 2021-ல் உடைந்தது. தன் பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு வருடம் சும்மா இருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறவும் வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருடம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம்.

சேபன் இதைப் பார்த்துத்தான் போனாரா? ஓய்வுக்குப் பிறகு அவரே சொன்னது: மிச்சிகனிடம் தோற்ற கையோடு வீரர்களிடம் பேசினால், பத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டது இரண்டே கேள்வி. அடுத்த வருடம் எனக்கு இடம் உண்டா, எவ்வளவு தருவீர்கள்? அவர் சலிப்பு புரிகிறது. ஆனால் வருடம் ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கியவர் அதைக் குறைப்பட்டுக்கொள்வது கொஞ்சம் உறுத்துகிறது. அவர் போன சில நாளில் அலபாமாவின் இளம் தடுப்பாட்டக்காரர் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். மறுவருடம் சாம்பியன் அணியில் இருந்தார்.

பணமும் மாற்றமும் வந்த பிறகு கோச்சின் மவுசு குறையும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. முன்பு நான்கு வருடம் பொறுத்து வளர்க்க வேண்டிய அணியை இப்போது நான்கு மாதத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. யாரை எடுப்பது என்று தெரிந்தவருக்கு அது வரம், தெரியாதவருக்குச் சாபம். பணக்கார அணிகள் பல தடுமாறிய சீசனில்தான் இண்டியானா 16-0 என்று முடித்தது.

அதற்குள் கூலியும் ஏறிவிட்டது. கோப்பைக்கு மூன்று மாதம் முன்பே, 2025 அக்டோபரில், சிக்னெட்டியை வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று எட்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டது இண்டியானா. வருடத்துக்குச் சராசரி ஒரு கோடியே 16 லட்சம் டாலர்.

அதே 2025 ஜூன் கடைசியில் இன்னொரு அறிவிப்பும் வந்திருந்தது. குறைந்த பேர் படிக்கும் பட்டப்படிப்புகளை மாநிலச் சட்டம் ஒன்று குறிவைத்ததால், இண்டியானா மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் 400-க்கும் மேற்பட்ட படிப்புகளை நிறுத்தவோ வேறொன்றோடு இணைக்கவோ முடிவு செய்தன. அதில் பெரும்பங்கு இண்டியானா பல்கலைக்கழகத்தினுடையது. கோச் சம்பளத்துக்காக வெட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டுத் துறைக்கு வருமானம் தனி, கணக்கு தனி. ஆனாலும் இந்த வருடம் உங்கள் வீட்டுப் பிள்ளை ப்ளூமிங்டனுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், கோப்பைப் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சேரப்போகும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.